கல் எத்தனை, பாக்கி எவ்வளவு, தாமதம் எது: கணக்கிட்டு வரும் மதிப்பை வைத்துப் பதிவுகளைத் தேடும் வழிகள்

ஆத்தங்குடித் தரைக்கல் போடும் பட்டறை ஒன்றுக்கு ஆர்டர் மென்பொருள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பைத்தான் மொழியில் வலை மென்பொருள் எழுத உதவும் ஜாங்கோ, பதிவுகளைச் சேமிக்கும் டேட்டாபேஸாகப் போஸ்ட்கிரெஸ், காரைக்குடியில் உட்கார்ந்தபடி ஒருவரே பார்த்துக்கொள்ளக்கூடிய வேலை. ஆர்டர் ஒரு டேபிள். ஒவ்வோர் ஆர்டரிலும் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று வீட்டின் இடம்வாரியாக நீளம், அகலம், கல்லின் அளவு, சதுரடி விலை; இது இரண்டாவது டேபிள். வந்த பணம் மூன்றாவது.

பட்டறைக்காரர் ஒரு நாள் கேட்கிறார்: “தம்பி, பாக்கி வச்சிருக்கறவங்க லிஸ்ட் மட்டும் எடுத்துக் குடு.” மறுநாள், “ஆயிரம் கல்லுக்கு மேல போற இடம் எதெது?” அப்புறம், “சொன்ன தேதி தாண்டியும் ஏத்தாம கெடக்குறது எத்தனை?”

மூன்றுக்கும் விடை எந்த ஃபீல்டிலும் எழுதியில்லை. மூன்றுமே கணக்குப் போட்டால்தான் வரும். கணக்கை, டேபிளைப் பைத்தானில் விவரிக்கும் மாடல் கிளாஸுக்குள் ஒரு ப்ராப்பர்ட்டியாக, அதாவது கேட்டவுடன் கணக்கிட்டுத் தரும் சிறு ஃபங்ஷனாக எழுதிவிடுகிறோம். ஆர்டர் பக்கத்தில் பாக்கி அழகாகத் தெரிகிறது. அதே பெயரை, பதிவுகளைச் சலிக்கும் ஃபில்டருக்குள் போட்டதும், இந்தப் பெயரில் ஃபீல்டே இல்லை என்று ஜாங்கோ கைவிரிக்கிறது. காரணம் எளிது. ஃபில்டர் என்பது டேட்டாபேஸின் மொழியான எஸ்கியூஎல் வாக்கியமாக மாறி டேட்டாபேஸுக்குப் போவது. ப்ராப்பர்ட்டி பைத்தானில், பதிவு கைக்கு வந்த பிறகு ஓடுவது. நீங்கள் பைத்தானில் எழுதிய கழித்தலைப் பற்றி போஸ்ட்கிரெஸுக்கு ஒன்றும் தெரியாது.

இதற்கு வழி ஒன்றல்ல, ஆறேழு இருக்கின்றன. எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். வழியைப் பற்றிய கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, அந்த மதிப்பு எதனால் மாறுகிறது என்று முதலில் கேட்பதே என் வழக்கம். கல் எண்ணிக்கை அதே பதிவிலுள்ள நீள அகலம் மாறினால்தான் மாறும். பாக்கி வேறொரு டேபிளில் வரி சேர்ந்தால் மாறும். தாமதமோ யாரும் எதையும் தொடாமலே, ராத்திரி பன்னிரண்டு மணி அடித்ததும் மாறும். மூன்றையும் ஒரே கருவியால் பிடிக்கப் போனால் இரண்டில் தப்பு வரும்.

எல்லாவற்றையும் எடுத்து வந்து சலிப்பது

ப்ராப்பர்ட்டியை அப்படியே விட்டு, எல்லா ஆர்டரையும் எடுத்து, பைத்தானில் ஒரு லூப் ஓட்டி, பாக்கி உள்ளதை மட்டும் பொறுக்குவது முதல் வழி. இணையத்தில் இதைக் கண்டாலே பலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அவ்வளவு வெறுப்பு இல்லை. நூற்றுக்கணக்கில் ஆர்டர் இருக்கும் பட்டறைக்கு, மாதம் ஒரு தடவை அச்சடிக்கும் பட்டியலுக்கு, இது போதும். எழுதியது சரியா என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

ஆனால் இரண்டு இடத்தில் அடிபடும். பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்ட முடியாது: இருபது வரி காட்டவும் எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும். அதைவிட மோசம், ப்ராப்பர்ட்டி உள்ளுக்குள் தானே குவெரி (டேட்டாபேஸிடம் ஒரு கேள்வி) போடுவது. ஒவ்வோர் ஆர்டரின் பாக்கிக்கும் இடங்களின் தொகைக்கு ஒன்று, வரவுக்கு ஒன்று என்று இரண்டு குவெரி ஓடினால், 200 ஆர்டர் பட்டியலுக்கு 401 குவெரி. தொடர்புள்ள பதிவுகளை ப்ரீஃபெட்ச் செய்து, அதாவது முன்கூட்டியே மொத்தமாக எடுத்துவைத்து, கூட்டலையும் பைத்தானிலேயே செய்தால் மூன்றில் முடிந்துவிடும். இந்த வழியைத்தான் எடுக்கிறீர்கள் என்றால் குறைந்தபட்சம் அதையாவது செய்யுங்கள்.

ஜாங்கோ போலவே நிரலுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் நிற்கும் மைக்ரோசாஃப்டின் கருவியான என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் ஒரு காலத்தில் இதையே சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. எஸ்கியூஎல்லாக மாற்ற முடியாத நிபந்தனை வந்தால், டேபிளை முழுக்க இழுத்து வந்து தன் பக்கத்தில் சலித்துக்கொள்ளும். சோதனையில் பத்துப் பதிவு இருக்கும்போது பிரமாதமாக ஓடும்; உண்மையான டேட்டா ஏறியதும் படுத்துவிடும். 2019-இல் வந்த 3.0 பதிப்பில் அதை நிறுத்தி, மாற்ற முடியாவிட்டால் எக்செப்ஷன் எறியும்படி செய்தார்கள். முகத்துக்கு நேரே கைவிரிக்கும் ஜாங்கோவின் குணம் அந்த வகையில் நல்ல குணம்தான்.

கல் எண்ணிக்கை: அதே பதிவுக்குள் முடிகிற கணக்கு

முகப்பு 12 அடிக்கு 15 அடி. 180 சதுரடி. பத்து இஞ்சுக் கல் என்றால் ஒரு சதுரடிக்கு 1.44 கல், மொத்தம் 259.2, அதாவது 260 கல். எட்டு இஞ்சு என்றால் 405. சேதாரம் தனி. நீளம், அகலம், கல்லின் அளவு மூன்றும் ஒரே பதிவில் இருக்கின்றன. வெளியே எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

இங்கே போட்டி மூன்று வழிகளுக்குள். ஒன்று, குவெரி போடும்போதே அனோடேட் செய்வது: இந்தக் கணக்கைச் செய்து, இந்தப் பெயர் கொடுத்து, அதன்மேல் ஃபில்டர் போடு என்று டேட்டாபேஸிடம் சொல்வது. இரண்டு, கணக்கை டேட்டாபேஸிலேயே, தன் மதிப்பைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும் ஜெனரேட்டட் ஃபீல்டாக வைப்பது. மூன்று, பதிவைச் சேமிக்கும்போது பைத்தானில் கணக்கிட்டு ஒரு சாதாரண ஃபீல்டில் எழுதிவிடுவது.

மூன்றாவதை நான் எடுக்கமாட்டேன். சேவ் மெத்தடைத் தாண்டிப் போகிற வழிகள் அதிகம். ஒரே வரியில் பல பதிவுகளை அப்டேட் செய்தால் சேவ் ஓடாது, சிக்னலும் (பதிவு மாறியதும் ஜாங்கோ தரும் அறிவிப்பு) வராது. மொத்தமாக நுழைக்கும் பல்க் கிரியேட்டிலும் அப்படியே. யாராவது நேரே போஸ்ட்கிரெஸுக்குள் போய் ஓர் அகலத்தைத் திருத்தினால் கேட்கவே வேண்டாம். அகலம் 16 என்று இருக்கும், கல் எண்ணிக்கை 15-க்கானதாகவே கிடக்கும்.

ஜெனரேட்டட் ஃபீல்டில் அந்தப் பேச்சே இல்லை. யார், எந்த வழியில் எழுதினாலும் டேட்டாபேஸே மறுபடி கணக்குப் போடும். போஸ்ட்கிரெஸில் இது 12-ஆம் பதிப்பில், 2019-இல் வந்தது. மற்ற டேட்டாபேஸ்களில், மைஎஸ்கியூஎல் 2015-இல் வந்த 5.7 பதிப்பிலேயே கொடுத்துவிட்டது; எஸ்கியூலைட்டில் 2020 ஜனவரியில் வந்தது. ஜாங்கோ இதற்கென்றே ஜெனரேட்டட் ஃபீல்டு வகையை 5.0 பதிப்பில், 2023 டிசம்பரில் சேர்த்தது. அதற்குமுன் மைக்ரேஷனில் (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளைக் கோப்பு) கையால் எஸ்கியூஎல் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தோம். ஜாங்கோவைப் போன்ற ரெயில்ஸ் 7, என்டிட்டி ஃபிரேம்வொர்க் இரண்டிலும் இதற்கு இடம் உண்டு. ஜாவாவின் ஹைபர்னேட்டில் ஃபார்முலா என்ற குறிப்பு உண்டு, ஆனால் அது டேட்டாபேஸில் எதையும் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு குவெரிக்குள்ளும் அந்த எஸ்கியூஎல் துண்டைச் செருகுகிறது, அவ்வளவே. பெயரைப் பார்த்து ஜெனரேட்டட் ஃபீல்டு என்று நினைத்துவிடக்கூடாது.

கணக்கிட்ட மதிப்பை எழுதிவைப்பது ஒரு வகை, படிக்கும்போது மட்டும் கணக்கிடுவது இன்னொரு வகை. போஸ்ட்கிரெஸில் வெகுநாள் எழுதிவைக்கும் வகை மட்டுமே இருந்தது. படிக்கும்போது கணக்கிடும் வகை 2025-இல் வந்த 18-ஆம் பதிப்பில் வந்தது; ஆனால் அந்தப் பதிப்பில் அதன்மேல் இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) போட முடியாது. தேடத்தானே இவ்வளவும் செய்கிறோம். எழுதிவைக்கும் வகையையே எடுங்கள். ஒரு எண்ணுக்கு ஆகும் இடம் ஒரு பொருட்டே இல்லை.

இந்தக் கணக்கில் ஒரு பள்ளம் இருக்கிறது. நீளம், அகலம், கல் அளவு எல்லாம் முழு எண் ஃபீல்டுகள் என்று வையுங்கள். பைத்தானில் முகப்பின் 25920 சதுர இஞ்சைப் பத்து இஞ்சுக் கல்லின் 100 சதுர இஞ்சால் வகுத்தால் 259.2. போஸ்ட்கிரெஸில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் 259, பின்னம் அங்கேயே விழுந்துவிடும். அதற்குப் பிறகு மேல்முழுதாக்கும் ஃபங்ஷனைப் போட்டும் பயனில்லை. முழுதாக்கப் பின்னமே இல்லை. பக்கத்தில் 260 தெரியும், தேடலில் 259 இருக்கும். ஒரு கல்தானே என்று விடமுடியாது. பழைய வீட்டு டிசைனுக்கு ஒத்துப்போகிற கல்லைப் புதிதாக அச்சு வைத்துப் போட்டுத் தரும் வேலையில், ஒரு கல் குறைந்தால் அந்த ஒரு கல்லுக்காகக் கண்ணாடியையும் அச்சையும் கலர்க் கலவையையும் மறுபடி எடுக்க வேண்டும். வகுப்பதற்கு முன்னால் டெசிமலாக மாற்றிக்கொள்ளுங்கள்.

ரவுண்டு செய்வதிலும் இதே சங்கதி. பைத்தானில் 2.5-ஐ ரவுண்டு செய்தால் 2 வரும், இரட்டைப்படைப் பக்கம் சாயும். போஸ்ட்கிரெஸின் நியூமெரிக் வகையில் 3 வரும். விலையில் பைசா விளையாடினால் முதலில் இங்கேதான் பார்ப்பேன்.

அனோடேட் எப்போது? சூத்திரம் அடிக்கடி மாறும் என்றால். ஜாங்கோவில் ஜெனரேட்டட் ஃபீல்டின் சூத்திரத்தைத் திருத்த முடியாது; ஃபீல்டை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டும். அதனால் சேதார சதவீதத்தைச் சூத்திரத்துக்குள் 5 என்று பொறித்துவைப்பது தலைவலி. செட்டிங்ஸ் டேபிளில் வைக்கலாம் என்றால், ஜெனரேட்டட் ஃபீல்டு வேறு டேபிளைப் பார்க்காது. அதே டேபிளின் இன்னொரு ஜெனரேட்டட் ஃபீல்டைக்கூடப் பார்க்காது. சதவீதத்தை அந்தந்தப் பதிவிலேயே ஒரு ஃபீல்டாக வைப்பதுதான் வழி. அதில் ஓர் உபரி லாபமும் உண்டு: அடுத்த வருஷம் சேதாரத்தை மாற்றினாலும் போன வருஷத்து ஆர்டர்கள் பழைய கணக்கிலேயே நிற்கும்.

இன்னொரு நடுவழியும் உண்டு. ஃபீல்டு எதுவும் சேர்க்காமல், கணக்கின்மேல் மட்டும் இண்டெக்ஸ் போடுவது. ஜாங்கோ 3.2 முதல் இதை மாடலிலேயே எழுதலாம். ஆனால் குவெரியில் வரும் கணக்கு இண்டெக்ஸில் எழுதியதோடு ஒத்துப்போக வேண்டும். வேறு உருவத்தில் எழுதினால் அது இருப்பதே போஸ்ட்கிரெஸுக்குத் தெரியாது. எழுதியவர் போய் வேறொருவர் வந்தால் இது உடையும்.

பாக்கி: அடுத்த டேபிளைப் பார்க்கிற கணக்கு

பாக்கிதான் இந்த மூன்றில் ஆளை விழுங்குவது, அதனால் இங்கே கொஞ்சம் நின்று போவோம். ஜெனரேட்டட் ஃபீல்டு கதவு மூடியாகிவிட்டது. வரவு வேறு டேபிளில் இருக்கிறது. அனோடேட் மிஞ்சுகிறது. இடங்களின் தொகையைக் கூட்டு, வரவைக் கூட்டு, கழி, சுழியத்துக்கு மேல் இருப்பதைக் கொடு. நாலு வரிதான். நாலு வரியில் மூன்று பொறி.

முதல் பொறி: ஒரு பைசாகூடத் தராதவர் பட்டியலில் வரமாட்டார். வரவே இல்லாத ஆர்டருக்குக் கூட்டுத்தொகை சுழியம் இல்லை, ‘நல்’ (null), அதாவது மதிப்பே இல்லை என்ற குறி. எதிலிருந்து நல்லைக் கழித்தாலும் நல். நல் சுழியத்தைவிடப் பெரிதா என்று கேட்டால், ஆம் என்றும் வராது இல்லை என்றும் வராது. பதிவு சத்தமில்லாமல் விடுபடும். பாக்கிப் பட்டியலில் முதலில் நிற்கவேண்டிய ஆளையே அது காணாமல் செய்துவிடும். கோஅலெஸ் (COALESCE) ஃபங்ஷனால் நல்லைச் சுழியமாக்க வேண்டும், ஜாங்கோ 4.0 முதல் கூட்டும் ஃபங்ஷனிலேயே டிஃபால்ட் மதிப்பைக் கொடுத்துவிடலாம்.

இரண்டாவது பொறியை எண் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். ஒரு பெரிய வீடு. முகப்புக்கு 40,000, வளவுக்கு 30,000, இரண்டாங்கட்டுக்கு 20,000. மொத்தம் 90,000 ரூபாய். வீடு பொதுவில் இருப்பதால் பங்காளிகள் இரண்டு பேர் ஆளுக்கு 25,000 கட்டியிருக்கிறார்கள். வரவு 50,000. பாக்கி 40,000.

இரண்டு கூட்டலையும் ஒரே அனோடேட்டில் போட்டால் ஜாங்கோ இரண்டு டேபிளையும் ஆர்டரோடு ஜாயின் செய்கிறது, அதாவது வரிக்கு வரி இணைக்கிறது. மூன்று இடம், இரண்டு வரவு: ஆறு வரி. ஒவ்வோர் இடமும் இரண்டு தடவை எண்ணப்படுகிறது, ஒவ்வொரு வரவும் மூன்று தடவை. தொகை 1,80,000. வரவு 1,50,000. பாக்கி 30,000. இந்த விடை தப்பாகத் தெரியவில்லை என்பதுதான் இதில் பயங்கரம். மைனஸில் வந்தாலோ கோடியில் வந்தாலோ யாராவது கேட்பார்கள். 30,000 என்பது நம்பக்கூடிய எண். ஜாங்கோவின் ஆவணத்திலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது, படிப்பவர் குறைவு.

எண்ணிக்கை எடுக்கும் கவுண்டுக்கு இதைத் தீர்க்க டிஸ்டிங்ட் (திரும்ப வருவதை ஒரு தடவை மட்டும் எடு) போடு என்று அதே ஆவணம் சொல்லும். அதைப் பார்த்துவிட்டுக் கூட்டலுக்கும் டிஸ்டிங்ட் போட்டால், அது மூன்றாவது பொறி. கூட்டலில் டிஸ்டிங்ட் என்றால் வேறுவேறு வரவுகளை எடுத்துக்கொள் என்று பொருளில்லை, வேறுவேறு தொகைகளை எடுத்துக்கொள் என்றுதான் பொருள். இரண்டு பங்காளிகளும் சரிபாதியாகக் கட்டிய 25,000-மும் 25,000-மும் ஒன்றாகிவிடும். வரவு 25,000, பாக்கி 65,000. சரிசமமாகப் பிரித்துக் கட்டுவது வழக்கமாக இருக்கிற ஊரில் இந்தத் தப்பு வராத வாரம் இருக்காது. பணம் கட்டிய பங்காளிக்குப் பாக்கி என்று போன் போனால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

சரியான வழி சப்குவெரி. இடங்களின் தொகையை ஒரு தனிக் குவெரியில், வரவை இன்னொரு தனிக் குவெரியில் கூட்டி, அந்த இரண்டு விடைகளை மட்டும் ஆர்டரோடு சேர்ப்பது. ஜாங்கோவில் இதை எழுதும் விதம் பார்க்கக் கொஞ்சம் கரடுமுரடு: வெளிக் குவெரியின் ஐடியைக் குறிக்க ஒன்று, குழுவாக்க ஒன்று, கூட்ட ஒன்று. அதைப் பக்கத்துக்குப் பக்கம் எழுதாமல், குவெரிசெட் கிளாஸில் ‘பாக்கியோடு’ என்கிற மாதிரி ஒரு மெத்தடாக ஒரே இடத்தில் வைத்துவிட்டால் மற்ற இடமெல்லாம் ஒரு சொல்லில் முடியும். மதிப்பு தேவையில்லை, சலிக்க மட்டும்தான் என்றால் அனோடேட்டுக்குப் பதில் ஏலியாஸ் போடலாம், 3.2-இல் வந்தது.

ஒரு சின்ன முள். மெத்தட் சேர்க்கும் பெயரும் பழைய ப்ராப்பர்ட்டியின் பெயரும் ஒன்றாக இருந்தால், குவெரியின் விடையைப் பொருளில் ஒட்டவைக்கும்போது ஜாங்கோ திணறும்; ப்ராப்பர்ட்டியில் எழுத முடியாது என்று எரர் வரும். பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் போக வேண்டுமா? ஆர்டர் டேபிளிலேயே ‘வந்த மொத்தம்’ என்று ஒரு ஃபீல்டு வைத்து, வரவு சேரும்போதெல்லாம் கூட்டிக்கொண்டே போவது வேகமானதுதான். ஆனால் ஒரே உண்மை இரண்டு இடத்தில் இருக்கும். நகரத்தார் கணக்கில் அன்றாட வரவு செலவைப் பேரேட்டில் ஏற்றிவிட்டு, ஐந்தொகையை (இருப்புநிலைக் கணக்கு) ஒரு குறிப்பிட்ட நாளைக்கு எடுப்பார்கள்; ஐந்தொகை பேரேட்டோடு இடித்தால் பேரேடுதான் பேசும். ‘வந்த மொத்தம்’ ஐந்தொகை மாதிரி. வைத்துக்கொள்ளலாம், ஆனால் சந்தேகம் வந்தால் வரவு டேபிளிலிருந்து அதை மறுபடி எடுக்க ஒரு கட்டளை தயாராக இருக்க வேண்டும்.

வைப்பதென்று முடிவெடுத்தால் சிக்னலில் வைக்காதீர்கள். மேலே சொன்ன ஓட்டைகள் அத்தனையும் அங்கே உண்டு. வரி சேர்ந்ததும் மாறியதும் டேட்டாபேஸே தானாக ஓட்டும் ட்ரிகரில் வையுங்கள். பைத்தானில்தான் கூட்டுவேன் என்றால், படித்து, கூட்டி, எழுதுவது ஆகாது. இரண்டு கவுண்ட்டரில் ஒரே நேரத்தில் பணம் வாங்கினால் ஒரு வரவு கரைந்துபோகும். ஃபீல்டின் இப்போதைய மதிப்போடு இதைக் கூட்டு என்று டேட்டாபேஸிடமே சொல்லும் எஃப் எக்ஸ்பிரஷனைப் பயன்படுத்துங்கள். குவெரியின் விடையை டேபிள் போல எழுதிவைக்கும் மெட்டீரியலைஸ்டு வியூ இன்னொரு வழி, போஸ்ட்கிரெஸில் 2013 முதல் இருக்கிறது. ரெஃப்ரெஷ் செய்த நேரத்து நிலவரத்தைத்தான் காட்டும். மாத அறிக்கைக்குச் சரி. காலையில் பணம் கட்டியவர் மதியப் பட்டியலிலும் பாக்கிக்காரராகத் தெரிவார் என்பதால் இந்தப் பட்டறையின் கேள்விக்கு ஆகாது.

பட்டறை அளவுக்கு சப்குவெரி போதும். வரவு டேபிளில் ஆர்டர் ஐடிக்கு ஜாங்கோவே இண்டெக்ஸ் போட்டுவிடுகிறது. மெதுவாகிறது என்று அளந்து பார்த்துத் தெரிந்த பிறகு ட்ரிகருக்குப் போகலாம்.

தாமதம்: தானாக மாறுகிற மதிப்பு

எத்தனை நாள் தாமதம் என்பதை ஜெனரேட்டட் ஃபீல்டாக்கப் பார்த்தால் போஸ்ட்கிரெஸ் ஒத்துக்கொள்ளாது. உள்ளே ‘இன்று’ என்று ஒன்று வருகிறது. அது நாளைக்கு வேறு. எழுதிவைத்த மதிப்பை யார் வந்து திருத்துவார்கள்? தினமும் ராத்திரி ஒரு வேலை ஓட்டி எல்லாப் பதிவிலும் நாளை ஒன்று கூட்டுகிற அமைப்புகளும் உண்டு. ஒரு ராத்திரி மின்சாரம் போய் அது ஓடாவிட்டால் மறுநாள் முழுவதும் தப்பு. வேண்டாம்.

கணக்கைத் திருப்பிப் போட்டால் பிரச்சினையே இல்லாமல் போகிறது. ‘இன்று கழித்தல் சொன்ன தேதி, பத்துக்கு மேல்’ என்பதும் ‘சொன்ன தேதி, பத்து நாளைக்கு முந்தைய தேதிக்கும் முன்னால்’ என்பதும் ஒன்றே. முதலாவதில் ஒவ்வொரு பதிவிலும் கழிக்க வேண்டும், இண்டெக்ஸ் உதவாது. இரண்டாவதில் பைத்தானில் ஒரே ஒரு தேதியைக் கணக்கிட்டு அனுப்புகிறோம். சொன்ன தேதியின் சாதாரண இண்டெக்ஸே போதும். இன்னும் ஏற்றாதவற்றுக்கு மட்டும் நிபந்தனையோடு இண்டெக்ஸ் போட்டால் பழைய ஆர்டர்கள் அதில் இடமே பிடிக்காது, ஜாங்கோவில் 2.2 முதல் அதற்கு வழி உண்டு. வயது, காலாவதி, வட்டி நாள் என்று காலம் கலந்த எந்தக் கேள்விக்கும் முதலில் இப்படித் திருப்ப முடியுமா என்று பாருங்கள். முக்கால்வாசி முடியும்.

‘இன்று’ யாருடைய இன்று என்பதும் இருக்கிறது. நேர மண்டலம் இயக்கியிருந்தால் ஜாங்கோ போஸ்ட்கிரெஸோடு பேசுவது யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில். டேட்டாபேஸிடமே இன்று என்ன தேதி என்று கேட்டால், நம் ஊரில் காலை ஐந்தரை வரை நேற்றைய தேதிதான் வரும். வெயில் ஏறுமுன் லாரியில் ஏற்றுகிறவர்கள் பட்டியலைப் பார்ப்பதே அந்த நேரத்தில்தான். தேதியை ஜாங்கோவின் லோக்கல் டேட்டிலிருந்து எடுத்து அனுப்புங்கள்.

சொன்ன தேதி என்பதே கணக்கிட்டு வருவதில்லையா என்று கேட்கலாம். கல் போட்ட தேதி, தண்ணீரில் ஊறும் நாள், காயும் நாள், கூட்டினால் தேதி. கூட்டலுக்கு இன்று தேவையில்லை, எல்லாம் அதே பதிவில். ஜெனரேட்டட் ஃபீல்டாகவே போடலாம். ஆனால் வாடிக்கையாளரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்ட தேதி கணக்கு கிடையாது, நடந்துவிட்ட பேச்சு. மழை பிடித்து இரண்டு நாள் கூடுதலாகக் காயப்போட்டதால் ‘சொன்ன தேதி’ தானாக நகர்ந்துவிட்டால் தாமதமே இல்லை என்று பட்டியல் பொய் சொல்லும். தயாராகும் தேதி கணக்கில் வரட்டும். சொன்ன தேதி கையால் எழுதும் ஃபீல்டாகவே இருக்கட்டும். சதுரடி விலைக்கும் இது பொருந்தும்: ஆர்டர் எடுத்த அன்று பேசிய விலையை விலைப்பட்டியலிலிருந்து கணக்கிட்டு எடுக்கக்கூடாது.

ஒரே இடத்தில் எழுதி இரண்டு பக்கமும் ஓட்டுவது

இவ்வளவிலும் உறுத்துவது ஒன்று: சூத்திரம் இரண்டு தடவை எழுதப்படுகிறது, பைத்தானில் ஒன்று, எஸ்கியூஎல்லுக்கு ஒன்று. பைத்தானின் இன்னொரு டேட்டாபேஸ் கருவியான எஸ்கியூஎல்அல்கெமியின் ஹைப்ரிட் ப்ராப்பர்ட்டி இதற்காகவே வந்தது. கிளாஸின்மேல் கேட்டால் எஸ்கியூஎல் துண்டு தரும், தனிப் பொருளிடம் கேட்டால் எண் தரும். நீளத்தை அகலத்தால் பெருக்குவது போன்ற கணக்கில் ஒரே வரி இரண்டு வேலையும் செய்வது பார்க்கவே நன்றாக இருக்கும். ஆனால் பைத்தானின் இஃப், அண்ட், ஆர் எதுவும் எஸ்கியூஎல்லாக மாறாது. கிளைபிரியும் கணக்கு வந்ததும் எக்ஸ்பிரஷன் என்று தனியாக இரண்டாவது வடிவம் எழுதத்தான் வேண்டும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், அதுவே லாபம்.

ஜாங்கோவில் இப்படி ஒன்று உள்ளேயே இல்லை. ஜாங்கோ-குவெரியபிள்-ப்ராப்பர்ட்டீஸ் என்ற வெளிப் பேக்கேஜ் அந்த இடத்தை நிரப்புகிறது. ப்ராப்பர்ட்டியோடு அதன் ஃபில்டரையும் அனோடேட்டையும் சேர்த்து எழுதவிடும். மாடலில் இருபது முப்பது கணக்கு இருந்தால் நான் அதைப் பார்ப்பேன். மூன்று கணக்குக்கு ஒரு பேக்கேஜைக் கூட்டி வந்து, ஒவ்வொரு ஜாங்கோ பதிப்புக்கும் அது ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது வேண்டாத சுமை. அதற்குப் பதில் ஒரு டெஸ்ட் எழுதலாம்: வரவே இல்லாத ஆர்டர், ஒரே தொகையில் இரண்டு வரவு உள்ள ஆர்டர், பின்னம் வரும் அளவு, காலியான ஃபீல்டு. இந்த நாலையும் டேட்டாபேஸில் போட்டு, ப்ராப்பர்ட்டி தரும் விடையும் குவெரி தரும் விடையும் ஒன்றா என்று ஒப்பிடுவது. மேலே சொன்ன பொறிகளில் எண் சம்பந்தப்பட்டவை பெரும்பாலும் அந்த நாலு பதிவில் அகப்படும்.

ஏற்கனவே ஓடுகிற மென்பொருள் என்றால்

புதிதாக எழுதுவதானால் மேலே சொன்னபடி தொடங்கிவிடலாம். ஓடிக்கொண்டிருப்பதை மாற்றுவதானால் பாக்கியில் தொடங்குங்கள், ஏனென்றால் பணம் தப்பாகப் போவது அங்கேதான். அதற்கு டேபிளில் எதையும் தொட வேண்டியதில்லை. குவெரிசெட் மெத்தட் ஒன்றைச் சேர்த்து, பழைய லூப்போடு ஒரு வாரம் பக்கத்தில் ஓட்டி, இரண்டு பட்டியலும் ஒன்றாக வருகிறதா என்று பார்த்த பிறகு லூப்பை எடுக்கலாம். தாமதமும் அப்படியே, ஃபில்டரைத் திருப்பி எழுதுவதோடு சரி.

கல் எண்ணிக்கையைக் கடைசியில் வையுங்கள். எழுதிவைக்கும் ஜெனரேட்டட் ஃபீல்டைச் சேர்க்கும்போது போஸ்ட்கிரெஸ் டேபிளை முழுக்கத் திருப்பி எழுதும், அது முடியும்வரை அந்த டேபிளைப் படிக்கவோ எழுதவோ முடியாது. சில ஆயிரம் பதிவுக்கு இது கண்மூடித் திறப்பதற்குள் முடியும். பல லட்சம் பதிவு உள்ள இடத்தில் வேலை நேரத்தில் இந்த மைக்ரேஷனை ஓட்டினால் பில் போடுகிறவர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பழைய பதிவுகளில் கல் அளவு சுழியமாக இருந்தால் வகுத்தல் எரரில் மைக்ரேஷனே நின்றுவிடும்; அதை முன்னாலேயே ஒரு குவெரி போட்டுப் பார்த்துச் சரிசெய்துகொண்டு, கடை அடைத்த பிறகு ஓட்டுங்கள்.